பங்கு பேசுவதற்கு முன்

பதினாறாம் நாள் காரியம் முடிந்து, பந்தல் பிரிக்க ஆள் வந்துவிட்டார்கள். சாப்பிட்டுக் கை கழுவிய உறவினர்களில் மூத்தவர் ஒருவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, “எல்லோரும் ஒரே இடத்தில் இருக்கும்போதே நிலத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை பேசிவிடுங்கள். மறுபடி எப்போது கூடப் போகிறீர்கள்?” என்றார். கடலூர் மாவட்டத்தில் எத்தனையோ வீடுகளில் நிலப் பேச்சு இப்படித்தான் தொடங்குகிறது. அப்பா இறந்தபோது எங்கள் வீட்டிலும் இப்படித்தான் தொடங்கியது. அரை மணி நேரத்தில் தம்பி எழுந்து வாசலுக்குப் போய்விட்டான். பண்ருட்டி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று அக்கா கிளம்பிவிட்டார். அம்மா உள்ளறையில் இருந்தார். அவரை யாரும் எதுவும் கேட்கவில்லை.

அன்று நாங்கள் எடுத்துக்கொண்ட கேள்வி ஒன்றே ஒன்று: யாருக்கு எவ்வளவு? உண்மையில் அது கடைசியாக வரவேண்டிய கேள்வி. அதற்குச் சட்டம் ஏற்கெனவே பதில் வைத்திருக்கிறது. பத்திரங்களைக் கொண்டுபோய்க் காட்டினால் வழக்கறிஞர் ஒருவர் தாளில் கணக்குப் போட்டுத் தந்துவிடுவார். அம்மா இனி எதை வைத்துச் சாப்பிடுவார், நிலத்தை யார் உழப்போகிறார்கள், இத்தனை வருடம் உழுதவனுக்கு என்ன மரியாதை, வெளியூரில் இருப்பவர்களுக்கு அந்த மண் எதற்கு வேண்டும் என்ற கேள்விகளுக்குத்தான் எந்தச் சட்டப் புத்தகத்திலும் பதில் இல்லை. குடும்பம் கூடி உட்கார வேண்டியது அவற்றுக்காக.

துக்கம் ஆறாத நாளில் அந்தக் கேள்விகளை எடுக்க முடியாது. எங்கள் பக்கத்தில் அதற்கு நல்ல காலம் தை மாதம். பிறந்த வீட்டுப் பெண்கள் பொங்கலுக்கு வருவார்கள். தை ஐந்தாம் நாள் தென்பெண்ணைக் கரையில் ஆற்றுத் திருவிழா முடியும்வரை தங்குகிறவர்களும் உண்டு. சம்பா அறுவடைக்கு நிற்கும், அல்லது களத்துக்கு வந்திருக்கும். அந்த ஆண்டு நிலம் என்ன கொடுத்தது என்பது எல்லோர் கண்ணுக்கும் தெரியும். நாங்களும் அடுத்த தையில்தான் மறுபடி உட்கார்ந்தோம். அம்மா இருக்கும் வீட்டின் திண்ணையில் உட்கார்ந்தோம், என் வீட்டிலோ தம்பி வீட்டிலோ அல்ல. யார் வீட்டில் கூடுகிறோமோ அவர் பேச்சை நடத்துகிறவராகிவிடுகிறார், மற்றவர்கள் விருந்தாளிகளாகிவிடுகிறார்கள். இதைச் சின்ன விஷயம் என்று நான் நினைக்கவில்லை.

பூர்வீகம் என்ற ஒரே சொல்

அப்பா விட்டுப்போனது புவனகிரிப் பக்கத்தில் 2 காணி நஞ்சை. எங்கள் ஊரில் ஒரு காணி 100 குழி. ஒரு குழி 576 சதுர அடி. அதாவது ஒரு காணி கிட்டத்தட்ட 1.32 ஏக்கர். இந்த 2 காணியையும் ஊரே ‘பூர்வீகம்’ என்றுதான் சொல்லும். நாங்களும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தோம். அப்பாவின் தகரப் பெட்டியைத் திறந்து தாய்ப்பத்திரங்களைப் படித்தபோதுதான் அந்த ஒரு சொல்லுக்குள் இரண்டு வேறு நிலங்கள் இருப்பது தெரிந்தது. ஒரு காணி 1974இல் தாத்தா, அப்பா, சித்தப்பா மூவரும் பதிவு செய்துகொண்ட பாகப்பிரிவினையில் அப்பாவுக்கு வந்தது. இன்னொரு காணி பிறகு அப்பா கிரயம் வாங்கியது.

இந்த வேறுபாட்டால் கணக்கு எவ்வளவு மாறுகிறது என்று பாருங்கள். அப்பா சொந்தமாக வாங்கிய சொத்து, உயில் எழுதவில்லை என்றால், 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மனைவிக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் சம பங்கு. இறந்தவரின் தாய் உயிரோடிருந்தால் அவருக்கும் அதே அளவு பங்கு உண்டு. பல வீடுகளில் பாட்டியை வாரிசுப் பட்டியலில் எழுதவே மறந்துவிடுகிறார்கள். எங்கள் வீட்டில் அம்மா, அக்கா, நான், தம்பி, தங்கை என ஐந்து பேர். 2 காணியும் அப்பா வாங்கியதாக இருந்திருந்தால் ஆளுக்கு 40 குழி.

மூதாதையர் சொத்து பாகப்பிரிவினையில் அப்பாவின் கைக்கு வந்திருந்தால் வேறு கணக்கு. அதில் பிள்ளைகள் நால்வருக்கும் பிறப்பாலேயே உரிமை உண்டு. அப்பா இறக்கும் நேரத்தில் அந்தச் சொத்து அப்பா, நான்கு பிள்ளைகள் என ஐந்து பங்காகப் பிரிந்ததாக வைத்துக்கொண்டு, அப்பாவின் ஐந்தில் ஒரு பங்கை மட்டும் அம்மாவுக்கும் பிள்ளைகளுக்குமாக மறுபடி ஐந்தாகப் பிரிப்பார்கள். தென்னிந்தியாவில் தகப்பனும் பிள்ளைகளும் பாகம் பிரிக்கும்போது தாய்க்குத் தனிப் பங்கு கிடையாது. ஆகவே 2 காணியும் இப்படி வந்திருந்தால் பிள்ளைகளுக்கு ஆளுக்கு 48 குழி. அம்மாவுக்கு 8 குழி. நாற்பது எங்கே, எட்டு எங்கே! எங்கள் வீட்டில் ஒரு காணி இப்படி, ஒரு காணி அப்படி என்பதால் அம்மாவுக்கு 24 குழியும் எங்களுக்கு ஆளுக்கு 44 குழியும் வந்தன.

அந்தத் திண்ணையில் இந்தக் கணக்கை நான் சத்தமாகப் படித்தபோது, ஐம்பது வருடத்துக்கும் மேலாக அந்த வயலில் நாற்று நட்டும் களை எடுத்தும் வந்த அம்மாவுக்குத்தான் எல்லோரிலும் குறைந்த பங்கு என்பது தெளிவாகக் கேட்டது. யாரும் பேசவில்லை. சட்டத்தின் கணக்கு அங்கே முடிந்து, குடும்பத்தின் கணக்கு தொடங்கியது என்றுதான் நினைக்கிறேன்.

ஒன்று சொல்லிவிட வேண்டும். இது எங்கள் பத்திரங்களுக்கான கணக்கு. தாத்தா 1956க்குப் பிறகு உயிலில்லாமல் இறந்து, அவருடைய தனிச்சொத்து வாரிசு முறையில் அப்பாவுக்கு வந்திருந்தால், ஊர் அதைப் பூர்வீகம் என்று சொன்னாலும் நீதிமன்றங்கள் அதை அப்பாவின் தனிச்சொத்தாகவே கொள்கின்றன. கிறிஸ்தவக் குடும்பங்களுக்கு 1925ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டம்; முஸ்லிம் குடும்பங்களுக்கு அவர்களுடைய தனிச்சட்டம். பத்திரத்தைப் படிக்காமல் பங்கைப் பேசாதீர்கள் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

ஊர் சொல்லும் மூன்று பொய்கள்

பேச்சின் நடுவில் அக்கா ஒன்று சொன்னார்: “எனக்கு 1988இலேயே கல்யாணம் ஆகிவிட்டது. 89க்கு முன்னால் கல்யாணம் ஆனவர்களுக்குப் பங்கு கிடையாதாம். எங்கே கையெழுத்துப் போடவேண்டும் என்று சொல்லுங்கள், போட்டுவிடுகிறேன்.”

அக்கா கேள்விப்பட்டதில் பழைய உண்மை ஒன்று இருக்கிறது. கூட்டுக்குடும்பச் சொத்தில் மகளுக்கும் மகனைப் போல் உரிமை என்று தமிழ்நாடு முன்பே திருத்தம் கொண்டுவந்தது. ஆனால் அது நடைமுறைக்கு வந்த 1989 மார்ச் 25க்கு முன் திருமணமான பெண்களை விலக்கி வைத்தது. 2005 செப்டம்பர் 9 அன்று நடைமுறைக்கு வந்த மத்திய அரசின் திருத்தத்தில் அந்த விலக்கு இல்லை. அந்தத் தேதியில் தந்தை உயிரோடு இருந்திருக்க வேண்டிய அவசியமும் இல்லை, மகளின் உரிமை பிறப்பால் வருவது என்று வினீதா சர்மா வழக்கில் 2020 ஆகஸ்ட் 11 அன்று உச்ச நீதிமன்றம் முடிவாகச் சொல்லிவிட்டது. 2004 டிசம்பர் 20க்கு முன்பே முறையாகப் பதிவாகிவிட்ட பாகப்பிரிவினைகளையும் விற்பனைகளையும் மட்டும் இந்தத் திருத்தம் தொடாது. எங்கள் 1974 பத்திரம் அப்படிப்பட்டது. அதனால் அப்பாவின் கூடப்பிறந்த அத்தைகள் அதைக் கிளற முடியாது. ஆனால் அப்பாவின் பங்கில் அக்காவுக்கு எனக்குள்ள அதே உரிமை உண்டு. திருமணம் எந்த ஆண்டில் நடந்திருந்தாலும் உண்டு. அப்பா வாங்கிய காணியிலோ 1956 முதலே மகளுக்குப் பங்கு இருக்கிறது. அதற்கு எந்தத் திருத்தமும் தேவைப்படவில்லை.

“நகை போட்டு, சீர் செய்து அனுப்பிவிட்டோம், அதோடு கணக்குத் தீர்ந்தது” என்பது இரண்டாவது பொய். சீதனம் கொடுத்ததால் வாரிசுரிமை அழியாது. நகை போட்ட செலவைக் குடும்பம் பேச்சில் கணக்கில் எடுத்துக்கொள்ளலாம். எடுத்துக்கொள்வதென்றால் மகனின் படிப்புக்கும் அவன் வெளிநாடு போவதற்கும் செய்த செலவையும் அதே தாளில் எழுதவேண்டும். என் கல்லூரிப் படிப்புக்கு அப்பா ஒரு சோடி மாட்டை விற்றார். அதை நானே எழுதிக் கொடுத்தேன்.

மூன்றாவது, ஊரில் இருப்பவர்கள் சொல்வது: “பன்னிரண்டு வருடம் அனுபவித்துவிட்டேன், பட்டாவும் என் பேரில் இருக்கிறது, எனக்கே சொந்தம்.” பட்டா என்பது வருவாய்த் துறைப் பதிவு. உரிமைக்கு அது ஒரு துணைச் சான்று. அதுவே உரிமை ஆகாது. 1980களில் நடந்த நிலவுடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டத்தின்போது, ஊரில் இருந்த மூத்த அண்ணன் பெயரில் மட்டும் பட்டா ஏறிய நிலங்கள் நம் கிராமங்களில் ஏராளம். கூட்டு உரிமையாளர்களில் ஒருவர் அனுபவித்தால் மற்றவர்களுக்காகவும் சேர்த்து அனுபவிப்பதாகவே சட்டம் கொள்கிறது. மற்றவர்களின் உரிமையை வெளிப்படையாக மறுத்து, அவர்களுக்குத் தெரியும்படி ஆண்டிருந்தால் ஒழிய, பன்னிரண்டு வருடக் கணக்குத் தொடங்குவதே இல்லை.

ஆனால் உழுதவனுக்குச் சட்டத்தில் கூடுதல் பங்கு இல்லை என்பதால் குடும்பத்திலும் இல்லை என்றாகிவிடக்கூடாது. தம்பி இருபத்தைந்து வருடம் அந்த நிலத்தில் நின்றிருக்கிறான். 2015 வெள்ளத்தில் மூழ்கிய பயிரைப் பார்த்தவன் அவன். நாங்கள் தொலைபேசியில் விசாரித்தவர்கள். முதல் கூட்டத்தில் அவன் எழுந்து போனதற்குக் காரணம், போர்வெல் போட்ட செலவை அவன் சொல்ல வாயெடுத்தபோது நான் “அதெல்லாம் பிறகு” என்றதுதான். இரண்டாவது கூட்டத்தை அந்தச் செலவிலிருந்தே தொடங்கினோம்.

யார் உட்காரலாம்

மருமகள், மருமகன்களைக் கூப்பிடலாமா என்பதில் எங்களுக்குள் கருத்து வேறுபாடு இருந்தது. பகலில் உடன்பிறந்தவர்கள் முடிவு செய்ததை இரவில் அவரவர் வீட்டில் மாற்றிக்கொண்டு, மறுநாள் வேறு முகத்தோடு வருவது எல்லாக் குடும்பத்திலும் நடப்பது. அதனால் பத்திரங்களைப் படிக்கும் முதல் நாளில் எல்லோரும் உட்காரட்டும், முடிவு எடுக்கும் நாளில் அம்மாவும் பிள்ளைகளும் மட்டும் உட்காரலாம் என்று வைத்துக்கொண்டோம். சிங்கப்பூரில் இருக்கும் தங்கை இரண்டு நாளும் வீடியோ அழைப்பில் இருந்தாள். படிக்கும் ஒவ்வொரு தாளையும் படமெடுத்து அவளுக்கு அனுப்பினோம். வெளிநாட்டில் இருப்பவர் பிறகு பதிவுக்கு வரமுடியாவிட்டால் அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் சான்றொப்பம் பெற்று அதிகாரப் பத்திரம் அனுப்பலாம். அது இந்தியா வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் இங்கே முத்திரைத் தீர்வை செலுத்தவேண்டும். பலர் தவறவிடுவது இந்த மூன்று மாதக் கெடுவைத்தான்.

இறந்துபோன உடன்பிறப்பின் பிள்ளைகள் யாராவது இருந்து, அவர்களுக்குப் பதினெட்டு வயது ஆகவில்லை என்றால் கூடுதல் கவனம் வேண்டும். சிறார் பெயரில் உள்ள அசையாச் சொத்தை நீதிமன்ற அனுமதி இல்லாமல் காப்பாளர் விற்றால், அந்தப் பிள்ளை வளர்ந்து வந்து அதை எதிர்க்க முடியும். அண்ணன் பிள்ளைகள்தானே என்று எளிதாக எடுத்துக்கொள்ளும் இடம் இது.

முதல் நாள் மேசையில் இருக்கவேண்டியவை: இறப்புச் சான்றிதழ், வட்டாட்சியர் அலுவலகத்தில் பெற்ற வாரிசுச் சான்றிதழ், தாய்ப்பத்திரங்கள், வில்லங்கச் சான்று, நிலம் யார் பேரில் என்று காட்டும் சிட்டா, என்ன பயிர் என்று காட்டும் அடங்கல், நிலத்தின் அளவு வரைபடமான புலப்படம். எங்கள் வில்லங்கச் சான்றில் சிக்கல் இல்லை, சிட்டாவில் இருந்தது. 1974இல் பிரிந்த காணிக்கு இன்றுவரை சித்தப்பா பெயரோடு சேர்ந்த கூட்டுப் பட்டாதான். ஐம்பது வருடமாக வரப்பு இருக்கிறது, பிரிந்த துண்டுக்கென்று தனியாகத் தரும் உட்பிரிவு எண் இல்லை. சித்தப்பாவின் பிள்ளைகளையும் அழைத்துப் பேசவேண்டியதாயிற்று. இப்படிப்பட்ட முடிச்சை ஆள் இருக்கும்போதே அவிழ்த்துவிட வேண்டும். நெய்வேலிச் சுரங்கத்துக்கும், விழுப்புரத்திலிருந்து புதுச்சேரி, கடலூர், சிதம்பரம் வழியாக நாகப்பட்டினம் போகும் நான்குவழிச் சாலைக்கும் நிலம் எடுக்கப்பட்ட மாவட்டம் இது. நாளை எந்தத் திட்டத்துக்காவது நிலம் எடுக்கும்போது உரிமையில் தகராறு இருந்தால், இழப்பீடு உரியவர் கைக்கு வராமல் வைப்பில் போய் நின்றுவிடும்.

தண்ணீர், தடம், மின்சாரம்

நிலத்தைக் குழிக் கணக்கில் சமமாகப் பிரிப்பது எளிது. அப்படிப் பிரித்த நிலம் சமமாக இருப்பதில்லை. எங்கள் மேல்துண்டு தார்ச்சாலையை ஒட்டியது. கீழ்த்துண்டுக்குச் சேத்தியாத்தோப்பு அணைக்கட்டுத் தண்ணீர் முதலில் வரும். ஆனால் மழைக்காலத்தில் வடிகாலும் அதுதான். போர்வெல் மேல்துண்டில். மின் இணைப்பு அப்பா பெயரில். சாலையிலிருந்து கீழ்த்துண்டுக்கு அறுவடை இயந்திரம் போகவேண்டுமானால் மேல்துண்டின் வழியாகத்தான் போகவேண்டும். இதுநாள்வரை ஒரே குடும்பம் என்பதால் வழி கேட்க வேண்டியிருக்கவில்லை.

பாகப்பிரிவினைப் பத்திரங்களில் பெரும்பாலும் நான்கெல்லை எழுதியிருப்பார்கள், அளவு எழுதியிருப்பார்கள். வண்டிப்பாதை எத்தனை அடி அகலம், எந்த வரப்பை ஒட்டி, போர்வெல் தண்ணீர் யாருக்கு எந்த நாள் முறை, மோட்டார் பழுதானால் செலவு எப்படிப் பிரியும், வாய்க்காலைத் தூர்வாருவது யார் என்பதை எழுதியிருக்க மாட்டார்கள். “அண்ணன் தம்பிக்குள் இதையெல்லாம் எழுதவேண்டுமா?” என்று கூச்சப்படுவார்கள். அண்ணனும் தம்பியும் உயிரோடு இருக்கும்வரை சண்டை வராது. அவர்கள் பிள்ளைகள் காலத்தில், அல்லது ஒருவர் தம் துண்டை வெளியாருக்கு விற்ற மறுநாள், அந்தப் பாதையில் முள் விழும். உரிமையியல் நீதிமன்றங்களில் நடைபாதை வழக்கும் வாய்க்கால் வழக்கும் எப்படி வருகின்றன என்று எந்த வழக்கறிஞரைக் கேட்டாலும் சொல்வார். நாங்கள் 12 அடிப் பாதையை எல்லாருக்கும் பொதுவாக விட்டு, அதைப் புலப்படத்தின் நகலில் சிவப்பு மையில் வரைந்து பத்திரத்தோடு இணைத்தோம். வேளாண் மின் இணைப்பைப் பெயர் மாற்றுவதற்கு மற்ற வாரிசுகளின் சம்மதக் கடிதம் வேண்டியிருக்கும் என்பதால் அதையும் அன்றே எழுதி வாங்கிக்கொண்டோம்.

மரங்களையும் மறக்கக்கூடாது. அக்கா வாழ்க்கைப்பட்ட பண்ருட்டிப் பக்கத்தில் முந்திரித் தோப்பைப் பிரிக்கும்போது மரத்தை எண்ணித்தான் பிரிப்பார்கள். காய்க்கும் தோப்பை ஒருவருக்கும் வெறும் புஞ்சையை இன்னொருவருக்கும் வைத்து, ஈடாகப் பணம் கொடுத்த குடும்பம் ஒன்றை அக்கா சொன்னார். தோப்பு கிடைத்தவர் கொடுத்துவைத்தவர் என்று பேசிக்கொண்டார்களாம். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கரை கடந்தபோது பலாவும் முந்திரியும் ஒரே நாளில் சாய்ந்தன. புஞ்சை அப்படியே கிடந்தது. மதிப்புப் போடும்போது இன்றைய விளைச்சலை மட்டும் பார்க்கக்கூடாது என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

துண்டுகளைச் சமமாக அமைக்க நம் ஊரில் பழைய முறைகள் உண்டு. ஒருவர் பிரிக்க, மற்றவர் முதலில் எடுப்பது ஒன்று. பிரிக்கிறவர் தமக்குக் கடைசித் துண்டுதான் வரும் என்று தெரிந்து பிரிப்பார். துண்டுகளுக்கு எண் போட்டு, வீட்டுக் குழந்தையை விட்டுத் திருவுளச்சீட்டு எடுக்கச் சொல்வது இன்னொன்று. இரண்டுமே நல்ல முறைகள். என் அனுபவத்தில் சீட்டுக்கு ஒரு நன்மை கூடுதல்: யார் மேலும் பழி விழாது.

பிரிக்காமலே வைத்திருப்பதும் ஒரு முடிவு

கூடினாலே பிரித்தாகவேண்டும் என்று எண்ணுகிறோம். ஐந்து பேருக்கு 2 காணியைப் பிரித்தால், அடுத்த தலைமுறையில் ஒவ்வொருவர் கையிலும் இருப்பது ஒரு மனையளவுதான். அதில் டிராக்டர் திரும்ப இடமிருக்காது. 2015-16 வேளாண் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் சராசரி நிலவுடைமையே 0.75 ஹெக்டேர்தான். உரிமையைப் பிரித்து எழுதிக்கொண்டு சாகுபடியைச் சேர்த்தே வைத்திருக்கலாம். ஒருவர் உழுது, மற்றவர்களுக்கு வாரமாகவோ (விளைச்சலில் பங்கு) குத்தகையாகவோ கொடுக்கலாம். யார் பங்கை விற்க நினைத்தாலும் முதலில் குடும்பத்துக்குள் கேட்கவேண்டும் என்று எழுதிக்கொள்ளலாம். இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 22ஆம் பிரிவே இணை வாரிசுகளுக்கு இப்படி ஒரு முன்னுரிமை தருகிறது. விவசாய நிலத்துக்கும் அது பொருந்தும் என்று உச்ச நீதிமன்றம் 2019இல் சொல்லியிருக்கிறது. புதுச்சேரி–கடலூர் சாலையோரத்தில் மனை வணிகர்கள் தேடி அலைவது, ஒற்றுமையில்லாத குடும்பத்தில் பிரிபடாத ஒரு பாகத்தை மலிவாகத் தரக்கூடிய ஒருவரைத்தான்.

பேசியதைத் தாளில் எழுதுவதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. வாய்மொழியாகக் குடும்பம் செய்துகொள்ளும் ஏற்பாடு செல்லும். முன்பே முடிந்த ஏற்பாட்டை நினைவுக்காக எழுதிவைக்கும் குறிப்புக்குப் பதிவு தேவையில்லை. இது 1976இல் காலே வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆனால் அந்தத் தாளே நிலத்தைப் பிரித்துக் கொடுப்பதாக இருந்தால், பதிவு செய்யாதவரை நீதிமன்றத்தில் அது உரிமைக்குச் சான்றாக நிற்காது. வெள்ளைத்தாளில் எழுதி, நான்கு பேர் சாட்சிக் கையெழுத்துப் போட்டு, பீரோவில் பூட்டி வைத்த பாகப்பிரிவினைகளால்தான் எத்தனையோ குடும்பங்கள் அலைகின்றன. பேசியதை எழுதுங்கள், பிறகு பதிவு செய்யுங்கள். செலவு பலர் பயப்படும் அளவுக்கு இல்லை. தமிழ்நாட்டில் குடும்பத்துக்குள் செய்யும் பாகப்பிரிவினை, செட்டில்மென்ட் (சொத்தை எழுதிக் கொடுப்பது), விடுதலை (தம் பங்கை விட்டுக்கொடுப்பது) பத்திரங்களுக்கு முத்திரைத் தீர்வை சொத்து மதிப்பில் 1 சதவீதம், உச்சவரம்பு 40,000 ரூபாய். பதிவுக் கட்டணம் 1 சதவீதம், உச்சவரம்பு 10,000 ரூபாய். 2023 ஜூலையில் வந்த உச்சவரம்புகள் இவை. பாகப்பிரிவினையில் ஒவ்வொரு பங்குக்கும் தனியாகக் கணக்கு.

புதுச்சேரியில் நிலம் உள்ளவர்களுக்கு வேறு சில சங்கதிகள் உண்டு. பாகூர்ப் பக்கம் ஒரு துண்டும் கடலூர் வட்டத்தில் ஒரு துண்டுமாக வைத்திருக்கும் குடும்பங்கள் பல. அவர்கள் இரண்டு அரசுகளின் பதிவேடுகளையும் இரண்டு கட்டண முறைகளையும் பார்க்கவேண்டும். பழைய பத்திரம் பிரெஞ்சு மொழியில், நொத்தேர் என்ற பத்திரப் பதிவு அலுவலர் எழுதியதாக இருக்கலாம். மொழிபெயர்க்காமல் பேசத் தொடங்கினால் பாட்டனார் எழுதிய நிபந்தனை கண்ணில் படாமலே போய்விடும். 1881ஆம் ஆண்டின் ஆணைப்படி தம் தனிச்சட்டத்தைத் துறந்து பிரெஞ்சு உரிமையியல் சட்டத்தை ஏற்றவர்களின் வழிவந்த குடும்பங்களுக்கு, மேலே நான் போட்ட கணக்கு எதுவும் பொருந்தாது. தந்தை விரும்பினாலும் பிள்ளைகளை முழுவதுமாக விலக்கி உயில் எழுத முடியாத சட்டம் அது.

பேச்சு முறிந்தால் பாகப்பிரிவினை வழக்குத்தான். முதல்நிலைத் தீர்ப்பாணை, நீதிமன்றம் அனுப்பும் ஆணையர் வந்து அளப்பது, இறுதித் தீர்ப்பாணை, இடையில் மேல்முறையீடுகள் என்று போட்டவர் காலத்தில் முடியாத வழக்குகள் உண்டு. அதற்குமுன் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவை அணுகி மக்கள் நீதிமன்றத்தில் உட்கார்ந்து பார்க்கலாம். அங்கே எல்லோரும் ஒப்புக்கொண்டு எழுதும் முடிவுக்கு மேல்முறையீடு கிடையாது. ஏற்கெனவே வழக்குப் போட்டுக் கட்டிய நீதிமன்றக் கட்டணமும் திரும்பக் கிடைக்கும்.

அம்மா சொன்னது

இரண்டாம் நாள் மாலையில்தான் அம்மாவைக் கேட்டோம். “எனக்கு எதற்கு நிலம்? நீங்களே எழுதிக்கொள்ளுங்கள்” என்றார். எல்லா அம்மாக்களும் சொல்வது. நான் அதை ஏற்கவில்லை, இன்னும் ஏற்கமாட்டேன். தாய் தம் பங்கை உயிரோடிருக்கும்போதே விடுதலை செய்வது நல்லதல்ல. அப்படிக் கொடுத்தே தீரவேண்டுமென்றால், பராமரிக்கவேண்டும் என்ற நிபந்தனையைச் செட்டில்மென்ட் பத்திரத்திலேயே எழுதவேண்டும். எழுதியிருந்தால், பராமரிக்காதபோது 2007ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டப்படி தீர்ப்பாயத்தில் முறையிட்டு அந்தப் பத்திரத்தை ரத்து செய்யக் கேட்கலாம். எழுதாவிட்டால் அந்த வழி மிகவும் கடினம்.

அம்மாவின் 24 குழியோடு நாங்கள் நால்வரும் ஆளுக்கு 4 குழி சேர்த்து 40 குழியாக்கி, கீழ்த்துண்டில் அவர் பெயருக்கு ஒதுக்கினோம். தம்பி உழுவது, அதில் விளையும் நெல் அம்மாவுக்கு. தம்பியின் போர்வெல் செலவுக்கு ஈடாகச் சாலையோரத்தில் என் பங்கிலிருந்து ஒரு பட்டி அவனுக்குப் போனது. தங்கை தன் பங்கை விற்பதில்லை, பிரிப்பதும் இல்லை, தம்பி வாரத்துக்குச் செய்யட்டும் என்றாள்.

அக்கா விடுதலைப் பத்திரம் எழுதித் தரத் தயாராகவே இருந்தார். அம்மாதான் தடுத்தார். “அவள் பேரில் இருக்கட்டும். இல்லையென்றால் அவள் இந்த வீட்டுக்கு விருந்தாளியாகத்தான் வரவேண்டியிருக்கும்” என்றார். அக்கா வெகுநேரம் வரப்புப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, நிலம் தன் பெயரில் இருந்தாலும் குத்தகைப் பணம் வேண்டாம், சம்பா முடிந்ததும் தெளிக்கும் உளுந்தில் தன் பங்குக்கு வருவதை மட்டும் ஆண்டுதோறும் கொடுத்தனுப்பச் சொன்னார். அதையும் அந்தத் தாளில் எழுதினோம்.

பங்குனியில் உளுந்து எடுத்தார்கள். வயல் வெறுமையாக இருந்த சித்திரையில் நில அளவர் வந்து கல் நட்டார். உட்பிரிவுக்கு மனுக் கொடுத்திருக்கிறோம். சித்தப்பா மகன் கையெழுத்து ஒன்று பாக்கி இருக்கிறது. அவன் ஆடிக்கு ஊருக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறான்.